ஆம்பூர் நெருங்கும்போது மட்டும் மிஸ் அடிக்கும் சான் ஸ்டார்ம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய சான் ஸ்டார்ம், இரண்டு சீட் கார். காலையில் காட்பாடி காந்தி நகரில் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் ஏறி முக்கால் மணி நேரம் ஓட்டி, மாதனூர் தாண்டி ஆம்பூர் நெருங்கும்போது திடீரென்று வெட்டி வெட்டி இழுக்கிறது. டீக்கடையில் இருபது நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டு போனால் ஒன்றுமே காட்டுவதில்லை. பிளக், பிளக் ஒயர், பெட்ரோல் ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங் என்று 14,000 ரூபாய் போய்விட்டது. இப்போது ஒருவர் ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, போயிருக்கும் என்கிறார், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். ஈசியூவைப் பொறுத்தவரை என் பதில்: இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. மெக்கானிக் முன்னால் நல்ல பிள்ளையாக நிற்கிற கோளாறை எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது? அதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ராணிப்பேட்டையில் வேலை கற்றுக்கொண்டு, சத்துவாச்சாரி பக்கம் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்ஜினை இறக்கிப் பிரித்துக் கட்டுவது என் தொழில் இல்லை, ஒயரும் கனெக்டரும்தான். அதனால் நான் சொல்வதில் எலக்ட்ரிக்கல் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். வண்டியைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: “அந்த நேரத்தில் ஆர்பிஎம் முள்ளும் சில சமயம் பொத்தென்று விழுந்து எழுகிறது.” இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். வண்டி கியரில் இருக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, கிளட்ச் மிதிக்கவில்லை. அப்படியென்றால் தீப்பொறி வந்தாலும் வராவிட்டாலும் சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். 3000 ஆர்பிஎம்மில் சுற்றும் என்ஜின் ஒரு நொடியில் பூஜ்யத்துக்கு வர முடியாது. ஆனாலும் முள் விழுகிறது என்றால், விழுவது என்ஜினின் வேகம் இல்லை, அந்த வேகத்தைச் சொல்லும் சிக்னல். பிளக் கெட்டாலும் இன்ஜெக்டர் அடைத்தாலும் ஃபில்டரில் அழுக்கு சேர்ந்தாலும் வண்டி மிஸ் அடிக்கும், ஆனால் முள் இப்படி விழாது. நீங்கள் மாற்றிய நான்கும் முள்ளோடு சம்பந்தமில்லாத பொருட்கள்.

இன்னொரு கணக்கும் இதே பக்கம் காட்டுகிறது. 3000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 25 முறை எரிகிறது, நான்கும் சேர்ந்து 100 முறை. ஒரே ஒரு சிலிண்டர் விட்டுப்போனால் அந்த வேகத்தில் வண்டி அதிரும், பிக்கப் குறையும், சைலன்சர் சத்தம் பொட் பொட் என்று மாறும். நீங்கள் எழுதியிருப்பது “யாரோ பிரேக் மிதித்த மாதிரி” என்று. அது நான்கு சிலிண்டரும் ஒன்றாக ஒரு கணம் செத்துப் பிழைக்கிற அறிகுறி. நான்குக்கும் பொதுவாக இருப்பது எதுவோ அங்கேதான் தேட வேண்டும்: கரண்ட் வரும் வழி, எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), கிராங்க் சென்சார் (என்ஜின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்வது), பெட்ரோல் பம்ப், கடைசியாக ஈசியூ.

இந்த இடத்தில் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சான் ஸ்டார்மில் இருப்பது 1149 சிசி ரெனோ என்ஜின், எட்டு வால்வு, ஏறக்குறைய 60 குதிரைத்திறன். ஐரோப்பாவில் ரெனோவின் கிளியோ, ட்விங்கோ கார்களில் ஓடிய என்ஜின்தான், சாதுவானது. சிக்கல் என்ஜினில் இல்லை, உடம்பில். இந்த வண்டிக்கு ஃபைபர் பாடி. தகரப் பாடி வண்டியில் பாடி முழுவதுமே பேட்டரியின் நெகட்டிவ். எந்த மூலையில் ஒரு போல்ட்டில் ஒயரை மாட்டினாலும் கரண்ட் திரும்பி வந்துவிடும். ஃபைபரில் கரண்ட் ஓடாது. ஹெட்லைட், ஹார்ன், பம்ப், மீட்டர் போர்டு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கறுப்பு ஒயர் போட்டு, அடியில் இருக்கும் இரும்புச் சேஸிஸுக்கோ பேட்டரிக்கோ கொண்டு வர வேண்டும். இருபது வருடத்தில் ஸ்டீரியோ வைத்தவர், ஃபாக் லைட் வைத்தவர், ஹார்ன் மாற்றியவர் எல்லோரும் ஏற்கெனவே கூட்டமாக இருக்கிற அதே எர்த் போல்ட்டில்தான் இன்னும் ஒன்றைச் சொருகியிருப்பார்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஃபைபர் பாடி வண்டி என்னிடம் வந்தது, ஏறக்குறைய இதே புகார். நான் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலை மாற்றினேன், வண்டி போனது, பத்தாம் நாள் திரும்பி வந்தது. சென்சார் மாற்றினேன், மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை வண்டிக்காரர் சாயங்காலம் வந்தார். பேசிக்கொண்டே அவர் ஹெட்லைட் போட, ஐடிலில், ஆக்சிலேட்டர் மிதிக்காமல், ஓடிக்கொண்டிருந்த என்ஜின் லேசாக ஒரு முறை தடுமாறியது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொரு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்துப் பார்த்தேன். 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது, 0.9 காட்டியது. எர்த் கேபிள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வளையம் இறுக்கம், போல்ட்டும் இறுக்கம். வளையத்தை ஒட்டியிருந்த கறுப்பு ரப்பரை பிளேடால் கீறினேன். உள்ளே செம்பு நிறமே இல்லை, பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தபோது கம்பி மாவாக உதிர்ந்தது. விரல் மொத்தக் கேபிளில் நாலைந்து இழைதான் மிச்சம். அந்த நாலைந்து இழையிலேயே வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சூடேறினால் அதுவும் தளர்ந்துவிடும். மாற்றிய காயிலுக்கும் சென்சாருக்கும் நான் காசு வாங்கவில்லை, ஆனால் அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் உங்கள் வண்டியிலும் எர்த்தான் என்று சொல்லிவிட மாட்டேன். அறிகுறி எர்த்துக்கும் பொருந்துகிறது, கிராங்க் சென்சாருக்கும் பொருந்துகிறது. உண்மையில் “சூடானால் போய்விடும், ஆறினால் வந்துவிடும்” என்பது கிராங்க் சென்சாருக்கே உரிய குணம். ஃப்ளைவீல் விளிம்பில் இருக்கும் பற்கள் அந்தச் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் உள்ளேயிருக்கும் சின்னக் காயிலில் கொஞ்சம் கரண்ட் பிறக்கும். அதை வைத்துத்தான் ஈசியூ எப்போது பொறி, எப்போது பெட்ரோல் என்று முடிவு செய்கிறது. சிக்னல் வராவிட்டால் இரண்டும் கிடையாது, ஆர்பிஎம் முள்ளுக்கும் தகவல் கிடையாது. காயிலில் சுற்றியிருப்பது முடியளவு மெல்லிய கம்பி. அது எங்காவது விட்டிருந்தால் குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பிரியும். ரெனோ என்ஜின்களில் இது கியர்பாக்ஸ் மேல் விளிம்பில், ஃப்ளைவீல் பக்கம் உட்கார்ந்திருக்கும். பல சமயம் சென்சார் நன்றாக இருக்கும், அதன் கனெக்டர் பின்தான் கறுத்துப் போயிருக்கும்.

எர்த்தா சென்சாரா என்று பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். அடுத்த முறை ஆர்பிஎம் முள் விழும்போது பக்கத்து முட்களைப் பாருங்கள். பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டும் அசைகிறதா, போர்டு விளக்கு மங்குகிறதா? அசைந்தால் எர்த், அல்லது இக்னிஷன் சுவிட்ச் வழியாக வரும் மெயின் கரண்ட். ஆர்பிஎம் முள் மட்டும் தனியாக விழுந்து மற்றவை சிலை மாதிரி நின்றால் கிராங்க் சென்சார் பக்கம் சந்தேகம் கனக்கிறது. கூடவே சாவிக்கொத்தையும் பாருங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி எல்லாம் தொங்கும் கொத்தாக இருந்தால் கழற்றிவிட்டுத் தனிச் சாவியில் நாலு நாள் ஓட்டுங்கள். பழைய இக்னிஷன் சுவிட்சுகள் அந்தக் கனத்தில் ஆடி ஆடியே தேய்ந்து போகும்.

இப்போது வலை விரிக்கிற வேலை. மீட்டர் போர்டில் எரிகிற மாதிரி இரண்டு சின்ன 12 வோல்ட் பல்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை இக்னிஷன் காயிலுக்கு வரும் பிளஸ் ஒயரிலிருந்தும், இன்னொன்றைப் பெட்ரோல் பம்புக்குப் போகும் பிளஸ் ஒயரிலிருந்தும் இழுங்கள். கிளை பிரிக்கிற இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஒயர் எங்காவது உரசினால் நெருப்பு. பல்புகளின் மறுமுனை இரண்டையும் நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டு போங்கள், அருகில் கிடைத்த போல்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாவதாக ஒரு மல்டிமீட்டர், டிசி வோல்ட்டில்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று என்ஜின் பிளாக்கில். மூன்றையும் டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள்ளுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து போனில் எல்லாம் ஒரே சட்டத்தில் விழும்படி வீடியோ எடுக்கட்டும். நீங்கள் சாலையைப் பாருங்கள், முள்ளைப் பார்க்க வேண்டாம். லாரிகள் நடுவில் இது விளையாட்டில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு பல்பும் சேர்ந்து அணைந்தால் மெயின் ரிலே அல்லது இக்னிஷன் சுவிட்ச். காயில் பல்பு மட்டும் அணைந்தால் அந்த ஒயரில் ஒரு கனெக்டர். இரண்டும் எரிந்துகொண்டிருக்க மீட்டர் எகிறினால் எர்த். இரண்டும் எரிகிறது, மீட்டரும் அசையவில்லை, ஆர்பிஎம் முள் மட்டும் விழுகிறது என்றால் கிராங்க் சென்சாரும் அதன் கனெக்டரும். இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. இந்த மாதிரி வண்டிகளில் கிராங்க் சிக்னல் நின்றால் ஈசியூவே பாதுகாப்புக்காகப் பம்ப் ரிலேயை ஆஃப் செய்துவிடும். சில ஒயரிங்கில் காயிலுக்கான கரண்டும் அதே ரிலே வழியாகவே போகும். அதனால் பல்பு அணைந்ததுமே ரிலேதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதலில் விழுந்தது முள்ளா, முதலில் அணைந்தது பல்பா என்று பாருங்கள். வீடியோ எடுக்கச் சொன்னதே இதற்காகத்தான். கண்ணால் அந்த முன்பின் தெரியாது.

பட்டறையில் வராத கோளாறை வரவழைக்கவும் முடியும். என்ஜினை ஐடிலில் விட்டு, தலைமுடி காய வைக்கும் டிரையரை கிராங்க் சென்சார் மேல் பத்து நிமிடம் பிடியுங்கள். செத்தால் ஆள் கிடைத்துவிட்டார். சாகாவிட்டால் ஒயரிங் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டுங்கள், கனெக்டர் கனெக்டராக. அவசரப்பட வேண்டாம், ஃபேனில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹெட்லைட், புளோயர், ஹார்ன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எர்த் வோல்ட்டேஜைப் பாருங்கள். குளிர்ந்த வண்டியில் சென்சாரின் ஓம்ஸ் அளந்து “சரியாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளிரில் சரியாக இருப்பதுதான் இந்த நோயே. அளந்தால் சூட்டில் அளக்க வேண்டும்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். இந்தியாவில் வண்டிக்குள்ளேயே கோளாறு பதிவு செய்யும் ஓபிடி முறை கட்டாயமானது 2010-க்குப் பிறகுதான். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. ஆன்லைனில் விற்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் இதோடு பேசாமல் போக வாய்ப்பு அதிகம். பேசவில்லை என்பதால் ஈசியூ செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஈசியூவைச் சந்தேகிக்கிறவர் இதை வைத்துத்தான் சொன்னாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு. ஈசியூவே போகாது என்று சொல்லவில்லை. உள்ளே சர்க்யூட் பலகையில் ஈயப் பற்று விட்டுப்போவது உண்டு. ஆனால் கரண்டும் எர்த்தும் சுத்தம் என்று நிரூபித்த பிறகுதான் அதன் மேல் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ஈசியூவும் அதே களிம்பு எர்த்தில்தான் உட்காரும்.

பெட்ரோலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் காரணமா என்று. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதிலேயே ஆக்சிஜனும் இருக்கிறது. அதனால் பழைய வண்டியில் கலவை மெலியும், மைலேஜ் குறையும், பிக்கப் கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம். தண்ணீரை இழுக்கும் குணமும் அதற்கு உண்டு, மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்க் அடியில் தொல்லை. அந்தக் கால ரப்பர் ஹோஸ்கள் அதற்கென்று செய்யப்பட்டவை இல்லை, அவற்றை மாற்றிவிடுங்கள். கசிவு வந்தால் மிஸ்ஸிங்கை விடப் பெரிய ஆபத்து. ஆனால் எந்தப் பெட்ரோலும் ஆர்பிஎம் முள்ளை விழவைக்காது. அதே மாதிரி “ஏர் லாக்” என்றும் ஒருவர் சொல்வார். வேலூர் வெயிலில் அம்பாசிடர் ஓட்டியவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றியதை நானே பார்த்திருக்கிறேன், செய்துமிருக்கிறேன். அது கார்புரேட்டர் காலம். பம்ப் என்ஜினோடு ஒட்டி, சூட்டில் உட்கார்ந்து, உறிஞ்சிக்கொண்டிருந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்க் பக்கத்திலிருந்து 3 பார் அளவு அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாது. முற்றிலும் முடியாது என்று சொல்ல மாட்டேன், வரிசையில் அது பின்னால்.

பம்ப் தளர்ந்திருந்தால் வேறு மாதிரி தெரியும்: ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க இழுக்காமல் மூச்சு வாங்கும், காலை எடுத்தால் சமாளித்துக்கொள்ளும், முள் விழாது. ஏலகிரி மேட்டில், பதினான்கு வளைவில், டேங்கில் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் வந்தால் அதைப் பார்க்கலாம். அழுத்தம் அளக்கிற கேஜை யாரும் காருக்குள் கொண்டுவர விடாதீர்கள், அதன் குழாயில் பெட்ரோல் இருக்கும்.

காயிலை நான் முழுதாக விடுவிக்கவில்லை. காயிலின் ஹைடென்ஷன் பக்கம், அதாவது பிளக்குக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ் பக்கம், கசிந்தால் மேட்டிலும் லோடிலும் மிஸ் அடிக்கும், ஏனென்றால் சிலிண்டரில் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, என்ஜின் ஓடும்போது பிளக் ஒயர்கள் மேல் ஸ்ப்ரே பாட்டிலில் பனி மாதிரி கொஞ்சம் தண்ணீர் அடித்துத் தள்ளி நின்று பாருங்கள். கசிந்தால் நீலமாக ஓடும். ஆனால் எந்தச் சிலிண்டர் என்று பார்க்க ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்குகிற பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். எங்கள் காலத்து, எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பாயின்ட் செட் வண்டியில் அது சரி. இதில் இருபது முப்பதாயிரம் வோல்ட் உங்கள் கை வழியாகவோ காயில் வழியாகவோ வழி தேடும். அதற்குப் பதில் இன்ஜெக்டர் கப்ளரை (அதன் ஒயர் கனெக்டரை) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், அதே விடைதான். இன்னொன்று, வெட்டி வெட்டி இழுக்கும்போது அப்படியே மிதித்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும், அது செக்கச்செவேல் என்று பழுத்துவிடும். அப்போது காய்ந்த புல் மேல் நிறுத்தினால் ஃபைபர் பாடி வண்டி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலை வரிசை என்று கேட்டால், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரியிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து என்ஜின் என்று இரண்டு எர்த் கேபிளையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கத் தெரிய வேண்டும், மேலே கொஞ்சம் கிரீஸ். இது எப்படியும் செய்ய வேண்டிய வேலை, வீண் போகாது. கிராங்க் சென்சார் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புதுச் சென்சார் இன்னும் வாங்காதீர்கள்.

அதன் பிறகு பல்பு, மீட்டர் எல்லாம் கட்டிக்கொண்டு ஆம்பூர் வரை போய் வாருங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வெட்ட ஆரம்பித்ததும் ஓரமாக நிறுத்தி, வழக்கம்போல் இருபது நிமிடம் காத்திருக்காமல், துணியை நனைத்துப் பிழிந்து சென்சார் மேல் மட்டும் இரண்டு நிமிடம் போர்த்துங்கள்; காயில் பக்கம் சொட்டக் கூடாது, என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. இரண்டே நிமிடத்தில் வண்டி பழையபடி ஓடினால் சென்சாரை வாங்குங்கள். ஓடாவிட்டால் அந்த வீடியோவில் எது முதலில் மாறியது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.